ஹுவாங் லே ஞாத் தோங் சீ: கூடவே இருந்து பார்த்தவங்க எழுதின ஒரு ராஜவம்சத்தோட வீழ்ச்சி

மொதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன், 5க்கு 4. அந்த ஒரு மார்க் ஏன் போச்சுன்னு கீழ வரும்.

வியட்நாம்ல பள்ளிக்கூடம் போன பெரும்பாலானவங்களுக்கு இந்தப் பழைய சரித்திர நாவலோட பேரு தெரியும், முழுசா படிச்சியான்னு கேட்டா மட்டும் சிரிச்சுட்டு நழுவிடுவாங்க. காரணம் என்னன்னா 9ஆம் வகுப்பு இலக்கியப் பாடத்துல இதோட 14வது அத்தியாயத்துலேர்ந்து ஒரு துண்டு ரொம்ப வருஷமா இருந்துச்சு, குவாங் ட்ருங் மன்னர் சீனப்படைய அடிச்சு விரட்டுற கட்டம், அத மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதுனதோட அவங்களுக்கு கதை முடிஞ்சிடுச்சு. ஆனா மொத்தம் 17 அத்தியாயம் இருக்கு, அதுல பெரும்பாதி ஜெயிச்ச கதையே கிடையாது, லே வம்சம்னு ஒன்னு எப்படி படிப்படியா ஒன்னுமில்லாம போச்சுங்குற கதை. எனக்குப் பிடிச்சது அந்தப் பாதிதான்.

எழுதினது ஒரு ஆள் இல்ல, ஒரு குடும்பம். ஹனோய் பக்கத்துல தா தான் ஓவாய்ங்குற ஊர்ல ஙோ குடும்பம்னு பெரிய படிச்ச குடும்பம் (ங-வ வார்த்தைக்கு மொதல்ல போடுற வாய்ப்பு நமக்கு இப்படி யாராவது வந்தாதான் கிடைக்குது). மொத ஏழு அத்தியாயம் ஙோ தி சீ, அடுத்த ஏழு ஙோ தி யூ, கடைசி மூணு குடும்பத்துல வேற ஒருத்தர்னு பொதுவா சொல்றாங்க. 18ஆம் நூற்றாண்டு கடைசிலயும் 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலயும் செவ்வியல் சீனத்துல எழுதினது, இன்னிக்கு வியட்நாமியர்களே மொழிபெயர்ப்புலதான் படிக்கிறாங்க, 1964ல ரெண்டு அறிஞர்கள் சேர்ந்து பண்ண மொழிபெயர்ப்புதான் கடைகள்ல அதிகம் கிடைக்குது, நானும் அதத்தான் படிச்சேன். என் வியட்நாமிய மொழி காய்கறிக்கடை லெவலுக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான், அதனால ஆபீஸ்ல ஒரு அக்கா கூட உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்துச்சு, அந்தக்காவுக்கும் பாதி அரசாங்கப் பதவிப் பேருங்க புரியல.

பின்னணி கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டு போங்க, இல்லன்னா மொத இருபது பக்கத்துலயே புத்தகத்த மூடிடுவீங்க. லே வம்சத்த ஆரம்பிச்சவர் லே லோய், 1428ல மிங் சீனர்கள விரட்டிட்டு அரியணை ஏறினவர். 1527ல மாக்ங்குற தளபதி அரியணைய புடுங்கிட்டான், 1533ல லே திரும்ப வந்துச்சு, ஆனா வந்தது பேருக்குத்தான். ராஜா அரியணைல இருப்பார், பட்டாளம் கஜானா எல்லாம் ட்ரின் குடும்பத்துப் பிரபுக்கள் கைல, அப்பனுக்கு அப்புறம் மகன்னு வழிவழியா. தெற்குப் பக்கம் ஙுயென் பிரபுக்கள்னு இன்னொரு குடும்பம், அவங்களும் வாயால லே ராஜாவத்தான் ராஜாங்குவாங்க. இப்படியே ரெண்டு நூற்றாண்டு ஓடியிருக்கு, கல்யாண வீட்டுல முன்வரிசைல உட்கார வச்சுட்டு எதுவும் கேக்காம விட்டுடற தாத்தா மாதிரி ராஜா இருந்திருக்கார்.

அந்தத் தாத்தாதான் எனக்கு இந்தப் புத்தகத்துலயே பிடிச்ச கேரக்டர். லே ஹியென் தோங், 1740லேர்ந்து 1786 வரைக்கும் ராஜா. பொழுது போகலன்னா அரண்மனைப் பெண்களுக்கு போர் உடுப்பு மாட்டி ஈட்டி குடுத்து, சீனத்து மூணு ராஜ்யக் கதைல வர்ற மாதிரி மூணு படையா பிரிச்சு சண்டை நடத்த விட்டு வேடிக்கை பாக்குறார். இவரோட மூத்த மகன, பட்டத்து இளவரசன, ட்ரின் சாம்ங்குற பிரபு சிறைல அடைச்சு கொன்னுடுறான், அப்பவும் இவர் வாய திறக்கல. கடைசில 1786ல ட்ரின் குடும்பமே கவுந்து, இனிமே நீங்களே ஆளுங்கன்னு எல்லாரும் சந்தோஷமா வந்து சொல்றப்ப மனுஷன் முகம் வாடிப் போகுது. கவலைய பிரபு சுமந்தான், சுகத்த நான் அனுபவிச்சேன், இப்ப பிரபு போயிட்டான்னா கவலை எங்கிட்ட வந்துடுமே, அப்புறம் எனக்கு என்ன சந்தோஷம்னு கேக்குறார். இத ஒரு ராஜவிசுவாசக் குடும்பம் எழுதியிருக்குங்குறதுதான் ஆச்சரியம். திட்டாம, கிண்டல் பண்ணாம, அவர் சொன்னத அப்படியே போட்டுட்டு அடுத்த வேலைக்கு போயிடுறாங்க.

கதை ஆரம்பிக்கிறது ட்ரின் சாம் வீட்டுக்குள்ள. டாங் தி ஹுவேன்னு ஒரு பொண்ணு, தேயிலை பறிக்கிற குடும்பத்துலேர்ந்து வந்தவ, பிரபு அவ மேல பைத்தியமா இருக்கான். தெற்குப் படையெடுப்புல கொண்டு வந்த விலை மதிப்பில்லாத ஒரு மணிய தலைப்பாகைல வச்சிருக்கான், அவ அத தொட்டு விளையாடுறா, பார்த்து மெதுவா தொடுன்னு ஒரு வார்த்த சொல்றான், அவ்ளோதான், மணிய தூக்கி தரைல அடிச்சுட்டு, பெரிய மணி, போனா குவாங் நாம் போயி வேற ஒன்னு எடுத்துட்டு வந்து குடுத்துட்டா போச்சுன்னு அழுதுட்டு மூஞ்சிய திருப்பிக்கிறா. பிரபு கெஞ்சி சமாதானம் பண்றான். நாட்டோட நிலைமைய பத்தி ஒரு பக்கம் கட்டுரை எழுதுறதுக்கு பதிலா இந்த ஒரு சீன போட்டிருக்காங்க, அடுத்து என்ன ஆகும்னு நமக்கே தெரிஞ்சு போகுது. அவ தம்பி டாங் லான் ஊர்ல பொம்பளைங்கள நடமாட விடல, அவனுக்கு பிரபுவோட சொந்தப் பொண்ணையே கட்டி வைக்கிறாங்க, பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, கொஞ்ச நாள் தள்ளி இருன்னு சொல்லி காவலுக்கு அனுப்பின அதிகாரியையே அவன் வெட்டிப் போடுறான். (இந்தத் தம்பி கதைய மட்டும் எடுத்து 1942ல ஙுயென் ஹுய் துவோங் ஒரு நாவல் எழுதினார், 1989ல படமாவும் வந்துச்சு. இந்த மூலத்துல அவனுக்கு கிடைக்கிற இடம் கொஞ்சம்தான்.)

மூத்த மகன், ட்ரின் கைங்குறவன, ஒதுக்கி வச்சுட்டு இவளோட நோஞ்சான் குழந்தை வாரிசு ஆகுது. மூத்தவன அப்பனுக்கு ஏன் பிடிக்கலங்குறதுக்கு ஒரு காமெடி காரணம் வருது. அவன் அம்மா கனவுல டிராகன் தலை போட்ட துணி வந்துச்சாம், உடனே ராஜ யோகம்னு ஒரு அரண்மனை அலி அவள தந்திரமா பிரபுகிட்ட அனுப்பி வைக்கிறான், பிரபு யோசிக்கிறான், அது வரைஞ்ச டிராகன்தானே, நிஜ டிராகன் இல்லையே, தலை இருந்துச்சு வாலக் காணமே. பொறந்த புள்ளைய அதனாலயே கண்டுக்கல. ஒரு நாட்டோட தலையெழுத்து வால் இல்லாத டிராகன்ல மாட்டிக்கிச்சு.

1782ல ட்ரின் சாம் செத்துப்போறான், குழந்தை பட்டத்துக்கு வருது, காவலுக்கு ஹுவாங் டின் பாவ்னு ஒரு பெரிய பிரபு. அப்பதான் பட்டாளம் உள்ள வருது. தலைநகர (இன்னிய ஹனோய்) காவல் காக்கறதுக்கு தான் ஹுவா, ஙே ஆன் பக்கத்துலேர்ந்து எடுத்த சிப்பாய்ங்க, சலுகை குடுத்துக் குடுத்து கொழுத்துப் போனவங்க. ஒரு ராத்திரி முரசு அடிச்சு கிளம்புறாங்க, யானை மேல வந்த ஹுவாங் டின் பாவ கொக்கி போட்டு கீழ இழுத்து அடிச்சே கொல்றாங்க, ஒதுக்கி வச்சிருந்த ட்ரின் கைய கண்டுபிடிச்சு ஒரு மரத்தட்டுல உட்கார வச்சு தலைக்கு மேல தூக்குறாங்க, புத்தர் சிலைய ஊர்வலம் கொண்டு போற மாதிரின்னு புத்தகமே சொல்லுது, தட்டு ஒருக்கா மேல போகுது ஒருக்கா கீழ வருது, புதுப் பிரபு விழாம பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். பட்டாபிஷேகம் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அந்தச் சிப்பாய்ங்க கேட்டதெல்லாம் குடுக்க வேண்டியதுதான், பிடிக்காத மந்திரி வீட்ட இடிக்கிறாங்க, அப்படி இடிபட்ட வீட்டுல ஒன்னு ஙுயென் கான்ங்குறவரோடது, வியட்நாமோட மகாகவி ஙுயென் யூவுக்கு இவர் அண்ணன்.

இங்கேர்ந்து ஒரு விஷயத்த கவனிச்சுக்கிட்டே வாங்க. இந்தப் புத்தகத்துல லே வம்சத்த எதிர்க்கிறேன்னு சொல்லிட்டு வர்ற ஆளே கிட்டத்தட்ட கிடையாது. அத்தன பேரும் லே ராஜாவுக்கு ஒத்தாசை பண்ணத்தான் வர்றாங்க. ட்ரின் குடும்பம் ரெண்டு நூற்றாண்டா ஒத்தாசைதான் பண்ணுச்சு. ஹுவாங் டின் பாவோட ஆளா இருந்து தப்பி ஓடுன ஙுயென் ஹூ சின், மத்திய வியட்நாம்ல கிளம்பின தாய் சோன் புரட்சிக்காரங்ககிட்ட போயி சேர்ந்து, லேவ தாங்குவோம் ட்ரின்ன ஒழிப்போம்னு கோஷம் போட்டு 1786ல அவங்கள வடக்க கூட்டிட்டு வர்றான். தாய் சோன் அண்ணன் தம்பிங்கள்ல ஒருத்தன் ஙுயென் ஹுவே (பின்னாடி குவாங் ட்ருங் ஆகப் போறவன்) தலைநகரத்த பிடிச்சு, ராஜா காலுல விழுந்து மரியாதை பண்ணி, ராஜா மக ஙொக் ஹானையும் கட்டிக்கிறான், அவளுக்கு 16 வயசு. சில நாள்ல கிழவர் போய் சேர்ந்துடுறார். அப்புறம் பேரன் லே சியூ தோங் வர்றான், அவன் ட்ரின் கொன்ன அந்த இளவரசனோட மகன், சின்ன வயசுலயே ஜெயில பார்த்தவன். கடைசில சீனத்து ச்சிங் பேரரசும் இவனுக்கு ஒத்தாசை பண்ணத்தான் படை அனுப்புது. ஒத்தாசைக்கு வந்த ஒவ்வொருத்தனும் போறப்ப எதையோ ஒன்ன எடுத்துட்டுத்தான் போறான். ஙோ குடும்பம் இத எங்கயும் வாயால சொல்லல, ஆனா அத்தியாயத்த அடுக்கின விதத்துல பளிச்னு தெரியுது.

இதுக்கு நடுவுல லீ ட்ரான் குவான்னு ஒரு அதிகாரி வர்றார், ரெண்டு மூணு பக்கம்தான், மறக்கவே முடியல. தோத்து ஓடி வர்ற ட்ரின் கைய தன்னோட பழைய மாணவன் ஒருத்தன்கிட்ட நம்பி ஒப்படைக்கிறார், அவன் பிடிச்சு எதிரிகிட்ட குடுத்துடுறான். ஏன்டா இப்படி பண்ணன்னு இவர் போய் கேட்டா, வாத்தியாருக்கு பயப்படறத விட எதிரிக்கு பயப்படறேன், பிரபு மேல இருக்கற பாசத்த விட என் உசுரு மேல எனக்கு பாசம் அதிகம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுறான். பிரபு கழுத்த அறுத்துக்கிட்டு சாகுறான். குவான் சவப்பெட்டி வாங்கி, தங்கியிருந்த வீட்டுக்காரங்கள கூப்பிட்டு, என்ன உயிரோட புதைச்சிடுங்கன்னு உள்ள படுத்துக்கிறார். பெட்டிக்குள்ள படுத்த அப்புறமும் இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்குன்னு சொல்றார். மூணு வருஷ பிதுர்க்கடன் முடிஞ்சுது, பத்துப் பங்கு விசுவாசம் இன்னும் முழுசா தீரலங்குற மாதிரி ரெண்டு வரி. அந்த அக்கா இத படிச்சுட்டு, இவர் ஒருத்தர்தான் ஒழுங்கு, இவரும் மண்ணுக்குள்ள போயிட்டார்னாங்க. எனக்கு அந்த மாணவனத்தான் ரொம்ப நாளா மறக்க முடியல, ஏன்னா புத்தகத்துல பாதிப் பேர் அவன மாதிரிதான் நடந்துக்கிறாங்க, அவன் ஒருத்தன்தான் அத வாய் விட்டு சொன்னான்.

லே சியூ தோங் பகுதிக்கு வந்தா படிக்கவே சங்கடமா இருக்கும். ட்ரின் குடும்பம் திரும்ப தலை தூக்கக் கூடாதுன்னு அவங்க அரண்மனைய கொளுத்துறான், ரெண்டு நூற்றாண்டு கட்டடங்க, நாள் கணக்கா எரியுது. கொளுத்தினது பழிக்குப் பழின்னு புரியுது, அப்பன கொன்னவங்க வீடு, ஆனா ஒரு ராஜா தன்னோட தலைநகரத்துக்கே தீ வச்சிருக்கான். வடக்க கூட்டிட்டு வந்த அந்த ஙுயென் ஹூ சின்னையே தாய் சோன்காரங்க ராத்திரியோட ராத்திரியா விட்டுட்டு ஊருக்கு போயிடுறாங்க, ஜனங்க துரத்த துரத்த அவன் ஆத்தங்கரைக்கு ஓடி படகு பிடிச்சு அவங்க பின்னாடியே போறான், பின்ன அவன் திரும்பி வந்து தலைநகரத்த ஆட்டி வைக்கிறான், அவன கொல்ல வூ வான் ஞாம்னு ஒரு தளபதி வர்றான், ஞாம கொல்ல ஙுயென் ஹுவேயே 1788ல நேர்ல வர்றார். இந்த இடத்துல யாரு யாரு பக்கம்னு ஒரு காகிதத்துல எழுதி வச்சுக்கிட்டு படிங்க.

ஓடிப்போன ராஜா சீனப்படையோட திரும்பி வர்றான், வியட்நாம்ல வழக்கமா சொல்ற கணக்குப்படி 2,90,000 பேர், இந்த எண்ண நம்ப வேண்டாம்னு வரலாற்று ஆசிரியர்கள் சொல்றாங்க. வந்த உடனே அவன் பண்ற மொத வேலை, தாய் சோன் ஆளுங்கள கட்டிக்கிட்ட ராஜகுடும்பத்துப் பொண்ணோட கர்ப்பிணி வயித்த கிழிக்கிறது, மூணு சித்தப்பனுங்க கால வெட்டி கிணத்துல போடுறது. தினம் காலைல சீனத் தளபதி சுன் ஷியீயோட முகாம் வாசல்ல போயி நிக்கிறான், சில நாள் உள்ள கூட விடாம வாசல்லயே ஆள் விட்டு இன்னிக்கு வேலை இல்ல போன்னு அனுப்பிடுறாங்க. அவன் போடுற உத்தரவுலயே சீனப் பேரரசர் சியென்லோங் ஆண்டுக் கணக்கு. நம்ம நாட்டுல ராஜான்னு ஒருத்தர் வந்த காலத்துலேர்ந்து இவ்ளோ தாழ்ந்த ராஜாவ பார்த்ததில்லன்னு ஜனங்க பேசிக்கிறாங்கன்னு எழுதியிருக்கு. சீனாலேர்ந்து திரும்புன அவன் அம்மாவே இந்தக் கொடுமைய கேள்விப்பட்டு அழுறாங்க, இதுக்கா நான் அவ்ளோ கஷ்டப்பட்டு படை கேட்டு வாங்கினேன்னு.

அப்புறம்தான் அந்த பாடப்புத்தக 14வது அத்தியாயம். ஙுயென் ஹுவே 1788 டிசம்பர்ல ஹுவே நகரத்துல குவாங் ட்ருங்ங்குற பேருல முடி சூட்டிக்கிட்டு அன்னிக்கே கிளம்புறார், போற வழில தாம் தியெப்ங்குற மலைப்பகுதில எல்லாருக்கும் தேத் பண்டிகைய (வியட்நாமியப் புத்தாண்டு) முன்கூட்டியே கொண்டாட வச்சு, புது வருஷம் 7ஆம் நாள் தலைநகரத்துல கொண்டாடுவோம்னு வாக்கு குடுக்குறார், 5ஆம் நாளே உள்ள நுழைஞ்சிடுறார், அது 1789 ஜனவரி 30. ஈர வைக்கோல் சுத்தின மரப்பலகைங்க, ஒவ்வொன்னுக்கும் பத்து பேர், பீரங்கிக்கு முன்னாடி அத தூக்கிட்டே ஓடுறாங்க. சுன் ஷியீ குதிரைக்கு சேணம் கூட கட்டாம ஓடுறான், ஆத்துப் பாலம் பாரம் தாங்காம உடைஞ்சு ஆயிரக்கணக்கான பேர் தண்ணில. இத எழுதினவங்க லே விசுவாசிங்க, ஙோ தி சீ இந்த ராஜா பின்னாடி போனவர், 1788ல போற வழிலயே நோய் வந்து செத்துட்டார், அவர் அண்ணன் ஙோ தி ஞாமோ தாய் சோன் பக்கம் போயி குவாங் ட்ருங்குக்கு யோசனை சொன்னவர், சீனப்படை வந்தப்ப மோதாம தாம் தியெப்புக்கு பின்வாங்குற திட்டமே அவரோடதுதான். ஒரே வீட்டுல ரெண்டு கட்சி. அந்த அண்ணனும் கதைல ஒரு பாத்திரமா வர்றார், அவர் பதவிக்காக ஆள காட்டிக் குடுத்தார்னு ஊர்ல ஓடுன கெட்ட பேரும் சேர்ந்தே வருது. சொந்தக்காரன மறைக்காம, எதிரிய குறைக்காம எழுதுறது எல்லாருக்கும் வராது. இருநூறு வருஷம் கழிச்சு, 1980களோட கடைசில ஙுயென் ஹுய் தியெப் இதே குவாங் ட்ருங்க கொஞ்சம் மனுஷ பலவீனத்தோட சிறுகதைல எழுதினப்ப வியட்நாம்ல பெரிய ரகளையே ஆச்சு.

இப்ப குறைங்க. கடைசி மூணு அத்தியாயம் அவசர அவசரமா ஓடுது, எழுதினவர் மாறிட்டார்னு யாரும் சொல்லாமலே தெரியுது. சீனாவுல ராஜாவ தலை மழிக்க வச்சு ச்சிங் உடுப்பு மாட்டி பெய்ஜிங்ல முடக்குற பகுதி எவ்ளோ பெருசா எழுதியிருக்கலாம், லே குவிங்னு ஒரு அதிகாரி தலைய வேணா வெட்டு முடிய வெட்டாதன்னு சொல்லி வருஷக்கணக்கா ஜெயில்ல கிடக்குறார், அதெல்லாம் நாலு வரில தாண்டிடுறாங்க. 1793ல செத்த ராஜாவோட எலும்ப 1804ல ஊருக்கு கொண்டு வர தோண்டுறப்ப இதயம் மட்டும் கெடாம ரத்தச் சிவப்பா இருந்துச்சாம், ஊர்ல காத்திருந்த ராணி விஷம் குடிச்சு சாகுறாங்க. ராணி சாவு மனச தொடுது. ஆனா இதயம் கெடல, அதனால விசுவாசம் கெடலங்குற ரேஞ்சுக்கு கொண்டு போறது எனக்கு செரிக்கல, கிணத்துல கால வெட்டிப் போட்டவன் இதே ஆளுதானே, அத நீங்கதானே எழுதினீங்க. ஒரு மார்க் கட் ஆனது இங்கதான்.

இன்னொன்னு, பொண்ணுங்க. டாங் தி ஹுவே மேலதான் பழி பூரா, ட்ரின் சாம் என்னமோ மயக்கத்துல இருந்த மாதிரி. ஙொக் ஹானுக்கு பேசவே ரெண்டு வார்த்தைதான் கிடைக்குது, அவ நிஜத்துல கவிதை எழுதினவ, குவாங் ட்ருங் செத்தப்ப அவ எழுதினதா சொல்ற ஒப்பாரிக் கவிதை இன்னிக்கும் படிக்கப்படுது, இங்க அதப்பத்தி மூச்சே இல்ல.

என் கைல இருக்கற பதிப்பு அட்டை நல்லாருக்கு, தாள் மோசம், பாத்திரப் பட்டியல் இல்ல, ஒரே ஆளுக்கு சொந்தப் பேரு, பட்டப் பேரு, பதவிப் பேருன்னு மூணு வருது, அடிக்குறிப்பு அத்தியாயக் கடைசில போயி கிடக்கு. வாங்குறப்ப வரைபடமும் வம்சாவளியும் இருக்கான்னு புரட்டிப் பார்த்து வாங்குங்க. அரசாணை, கடிதம், செய்யுள் வர்ற பக்கங்கள மொத வாசிப்புல தாண்டிடுங்க, ஒன்னும் கெட்டுப் போகாது. 4லேர்ந்து 10 வரைக்கும் ஒரே மூச்சா படிங்க. ஹனோய் வர்றவங்க, அந்த 1789 சண்டை நடந்த டோங் டா மேட்ட போய் பாக்கலாம், தேத் 5ஆம் நாள் அங்க திருவிழா, கூட்டம் நெரியும், வண்டிய தள்ளி நிறுத்திட்டு நடந்து போங்க.